ஒரே படம், பல பிரதிகள்: ஐம்பதுகளின் ஹாலிவுட்டை வீட்டில் திரும்பப் பார்ப்பது

இருட்டில் ஒரு கை, வெடிகுண்டோடு பிணைந்த கடிகாரத்தைத் திருகி வைக்கிறது. அந்த ஆள் சுவரோரமாக ஓடிப்போய், நின்றிருக்கும் காரின் டிக்கியில் அதைப் போட்டுவிட்டு மறைகிறான். சிரித்துப் பேசியபடி வரும் ஒரு பணக்காரரும் அவருடன் வரும் பெண்ணும் எதுவும் அறியாமல் அந்தக் காரில் ஏறிக் கிளம்புகிறார்கள். கிரேனில் இருக்கும் கேமரா கட்டடங்களுக்கு மேலே எழும்பி, மறுபக்கத் தெருவில் இறங்கி, காரையும் அதே தெருவில் நடந்துவரும் புதுமணத் தம்பதியையும் மாற்றி மாற்றிப் பின்தொடர்ந்து, எல்லைச் சாவடியைக் கடக்கும் வரை மூன்று நிமிடங்களுக்கும் மேலாக ஒரு வெட்டுகூட இல்லாமல் நகர்கிறது. ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1958-இல் வெளிவந்த ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தின் இந்தத் தொடக்கக் காட்சியைப் பற்றி ஏராளமானோர் எழுதிவிட்டார்கள். வீட்டில் டிஸ்க் போட்டுப் பார்க்கும் ஒருவருக்கு இதே காட்சி இரண்டு விதமாகக் கிடைக்கிறது என்பதைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன்.

முதலாவது, 1958-இல் யுனிவர்சல் ஸ்டுடியோ திரையரங்குகளுக்கு அனுப்பிய வடிவம். அதில் நடிகர்களின், கலைஞர்களின் பெயர்கள் காட்சியின் மேலேயே வந்து போகின்றன. தாள வாத்தியங்களும் பித்தளைக் குழல்களும் சேர்ந்த ஹென்றி மான்சினியின் இசை, குண்டு வெடிக்கப்போகும் பதற்றத்தை நமக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது, 1998-இல் வால்டர் மர்ச் மறுபடி தொகுத்த வடிவம். அதில் பெயர்கள் எல்லாம் படத்தின் முடிவுக்குப் போய்விட்டன. தலைப்பிசை இருந்த இடத்தில் அந்த எல்லையோர ஊரின் சத்தம் இருக்கிறது. ஒரு மதுக்கூடத்தின் வாசலில் ஒரு பாட்டு கேட்கிறது, அதைத் தாண்டியதும் அடுத்த கடையிலிருந்து வேறொரு பாட்டு, இவற்றுக்கு நடுவே அந்தக் காரின் ரேடியோ. திரையில் தெரியும் சட்டகத்தை விட்டுக் கார் வெளியே போன பிறகும் ரேடியோ மெலிதாகக் கேட்கிறது. அது கூடும்போது குண்டு நம் தம்பதியை நெருங்குகிறது, குறையும்போது விலகுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் காதால் அளக்க வைக்கும் இந்த ஏற்பாடு, முதல் வடிவத்தில் மான்சினியின் இசைக்கு அடியில் அடியோடு மறைந்து கிடந்தது.

இரண்டாவது வடிவத்தைக் கேட்டவர் வெல்ஸேதான். தொகுப்பு வேலை ஸ்டுடியோவின் கைக்குப் போய், சில காட்சிகள் வேறொரு இயக்குநரைக் கொண்டு எடுத்துச் சேர்க்கப்பட்ட பிறகு, அந்த வடிவத்தை ஒரு முறை பார்த்துவிட்டு 1957-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஸ்டுடியோவுக்கு 58 பக்க மெமோ ஒன்றை எழுதினார். தொடக்கக் காட்சியில் ஊரின் இசை ஒன்றை அடுத்து ஒன்றாகக் கேட்க வேண்டும் என்பதும், குண்டு வெடித்த பிறகு கணவனின் கதையையும் மனைவியின் கதையையும் நீளநீளமான துண்டுகளாக அல்லாமல் ஊடும்பாவுமாக வெட்டிக் காட்ட வேண்டும் என்பதும் அதில் இருந்தன. ஸ்டுடியோ அவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. வெல்ஸ் 1985-இல் இறந்தார். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, தயாரிப்பாளர் ரிக் ஷ்மிட்லினும் மர்ச்சும் அந்த மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு, கிடைத்த படச்சுருள்களிலிருந்து, அவர் கேட்டதற்கு இயன்றவரை நெருங்கிய ஒரு படத்தை உருவாக்கினார்கள்.

நல்ல டிஸ்க் பதிப்புகளில் 1958-இன் திரையரங்கு வடிவம், வெளியீட்டுக்கு முன் சோதனையாகப் போட்டுக்காட்டி, எழுபதுகளில் கண்டெடுக்கப்பட்ட சற்று நீளமான வடிவம், 1998-இன் மறுதொகுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. நான் மூன்றையும் பார்ப்பவன். மறுதொகுப்பே சிறந்தது என்று நினைக்கிறேன். அதற்குத் தொடக்கக் காட்சியைவிட முக்கியமான காரணம் அந்த ஊடும்பாவுமான வெட்டுதான். கணவன் சார்ல்டன் ஹெஸ்டன் ஒரு நாட்டுக்காரர், மனைவி ஜேனட் லீ இன்னொரு நாட்டுக்காரர். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஒரே இரவில் நடப்பவை ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும்போதுதான் கல்யாணத்தின் முதல் இரவே அவர்களைப் பிரித்துவிடுகிறது என்பது உறைக்கிறது. ஆனாலும் மான்சினியின் இசையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாற்பது ஆண்டுகள் பார்வையாளர்கள் கேட்டது அதைத்தான். அதுவும் அந்தப் படத்தின் வரலாற்றில் ஒரு பகுதி. ஒரு வடிவத்தை ஏற்று மற்றதை அழித்துவிடும் நிலை வராமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்க முடிவதே வீட்டுத் திரை நமக்குச் செய்திருக்கும் பெரிய உதவி.

நான் இந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் இதையெல்லாம் எண்ணிப் பார்க்கவே முடியாது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பகலில் கார்ட்டூன் ஓடிய கேபிள் அலைவரிசை இரவானதும் டிஎன்டியாக மாறி எம்ஜிஎம், வார்னர் நிறுவனங்களின் பழைய படங்களைக் காட்டும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தவை அவை. என் ஆர்வம் அங்கேதான் வேர்விட்டது, அந்த அலைவரிசைக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அப்போது தொலைக்காட்சியிலும் வீடியோ கேசட்டிலும் வந்த அகலத்திரைப் படங்களில் பல, படத்தின் ஒரு பகுதியை மட்டுமே காட்டின என்பதைப் பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன்.

1953 செப்டம்பரில் ‘தி ரோப்’ படத்தோடு டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் சினிமாஸ்கோப்பை அறிமுகப்படுத்தியது. தொலைக்காட்சியிடம் பார்வையாளர்களை இழந்துகொண்டிருந்த ஹாலிவுட், வீட்டுப் பெட்டியால் தரமுடியாத அகலத்தைத் திரையரங்கில் தர முனைந்ததன் விளைவு அது. தொடக்கத்தில் அதன் அகலம் உயரத்தைப் போல் 2.55 மடங்கு, பிறகு 2.35 மடங்கு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் விகிதம் 4:3. இந்தப் பெட்டியின் முழு உயரத்துக்கும் அந்தப் படத்தை நிரப்ப வேண்டுமானால் ஏறக்குறைய பாதிப் படத்தை வெட்டியாக வேண்டும். ஒவ்வொரு காட்சியிலும் எந்தப் பாதியை வைத்துக்கொள்வது என்பதை வீடியோ நிலையத்தில் இருந்த ஒருவர் முடிவு செய்தார். இரண்டு பேர் சட்டகத்தின் இரு ஓரங்களில் நின்று பேசினால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் படம் செயற்கையாக நகர்த்தப்பட்டது, அல்லது இயக்குநர் வெட்டாத இடத்தில் வெட்டு விழுந்தது.

இதனால் எந்தப் படம் எவ்வளவு இழந்தது என்பதற்கு ஜான் ஸ்டர்ஜஸின் ‘பேட் டே அட் பிளாக் ராக்’ (1955) ஒன்றே போதும். பாலைவன நடுவே ஒற்றைத் தெருவாக ஓர் ஊர். நான்கு ஆண்டுகளாக நிற்காத ரயில் அங்கே நிற்க, கறுப்பு சூட் அணிந்த, ஒரு கை செயலற்ற ஸ்பென்சர் ட்ரேசி இறங்குகிறார். கோமோகோ என்ற ஜப்பானிய விவசாயியைத் தேடி வந்திருக்கிறார். அந்தப் பெயரைக் கேட்டதும் ஊரே வாயடைத்துப் போகிறது. படம் எண்பத்தொரு நிமிடம்தான். துப்பாக்கிச் சண்டையைவிட மனிதர்கள் நிற்கும் விதத்தால் நகரும் படம் இது. ஒருவர் தூணில் சாய்ந்து, ஒருவர் நாற்காலியில், ஒருவர் வாசற்படியில், ஒருவர் தெருவின் கோடியில் என்று ராபர்ட் ரயனும் லீ மார்வினும் எர்னஸ்ட் போர்க்னைனும் மற்றவர்களும் சட்டகத்தின் முழு அகலத்துக்கும் சிதறி நிற்கிறார்கள். ஒருவரும் ஒருவரைப் பார்ப்பதில்லை, ஆனால் எல்லோரும் ட்ரேசியைக் கவனிக்கிறார்கள். வாய்பேசாமல் உடந்தையாக இருக்கும் ஓர் ஊரின் குற்றத்தை ஸ்டர்ஜஸ் அந்த இடைவெளிகளில் வைத்திருந்தார். கேசட்டில் அந்த இடைவெளிகள் இல்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். முழு அகலத்தில் இதைப் பார்த்தபோது, கதை தெரிந்த படத்தில் அதுவரை கண்ணில் படாத மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

இந்த முழு அகலத்தை மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளோடு அப்படியே தருவது என்ற வழக்கத்தை ரசிகர்களிடையே நிலைநிறுத்தியது லேசர்டிஸ்க் என்ற பெரிய தட்டு. டிவிடி வருவதற்கு முன்பு குறைந்த எண்ணிக்கையில் விற்ற, விலை கூடிய பொருள் அது. 1984-இல் தொடங்கிய கிரைட்டீரியன் நிறுவனம், படத்தோடு கூடவே ஓடும் விளக்க உரையையும் அதில்தான் அறிமுகப்படுத்தியது. ‘பேட் டே அட் பிளாக் ராக்’ லேசர்டிஸ்க்குக்கு முதுமையில் ஸ்டர்ஜஸே உரை பேசினார். அகலத்திரையில் ஆட்களை எங்கே நிறுத்துவது என்பதை அதை எடுத்தவரே சொல்லிக் கேட்க முடிந்தது. அன்று அது சிலருக்கே எட்டியது. 1997-இல் டிவிடி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிறகுதான் முழுச் சட்டகமும் விளக்க உரையும் சாதாரண ரசிகனின் கைக்கு வந்தன.

சட்டகத்தைவிடச் சிக்கலானது நிறம். அதற்கு ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வை (1958) எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிறம் கெட்டால் கதையே கெட்டுப்போகும் படம் அது. இறந்துபோன காதலியின் சாயலில் ஒரு பெண்ணைக் கண்டெடுக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், அவள் உடையையும் தலைமுடியையும் மாற்றி மாற்றி, செத்தவளாகவே ஆக்கப் பார்க்கிறார். கடைசியாகக் கொண்டையும் முடிந்துகொண்டு, சாம்பல் நிற உடையில் கிம் நோவாக் கதவைத் திறந்து வருகிறார். விடுதி அறையின் ஜன்னலுக்கு வெளியே எரியும் பெயர்ப்பலகையின் பச்சை வெளிச்சம் மூடுபனிபோல் அவரைச் சூழ்ந்திருக்கிறது. நடந்து நெருங்க நெருங்க அந்தப் பச்சை விலகி, ஆவியாக இருந்தவள் உடல் பெறுகிறாள். பெர்னார்ட் ஹெர்மனின் இசை அங்கே உச்சத்துக்கு ஏறுகிறது. அந்தப் பச்சை இல்லையென்றால், ஒரு பெண் குளியலறையிலிருந்து வருகிறாள் என்பதற்கு மேல் அந்தக் காட்சியில் எதுவும் இல்லை.

1950-களின் முற்பகுதி வரை ஆண்ட பழைய டெக்னிகலர் முறையில், கேமராவுக்குள் ஒளியைப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பதிவு செய்தார்கள். துணியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அச்சுக்கட்டையை ஒற்றி எடுப்பதுபோல, பிரதி எடுக்கும்போது மூன்று சாயங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படச்சுருளில் ஏற்றினார்கள். மூலத்தில் நிறமே இல்லை என்பதால் மங்குவதற்கு எதுவும் இல்லை. சுருள் சுருங்காமலும் எரியாமலும் இருந்தால் போதும். 1950-இல் வந்த ஈஸ்ட்மன்கலர் இந்த வேலையைச் சுலபமாக்கியது. ஒரே நெகட்டிவில் மூன்று சாய அடுக்குகள், சாதாரணக் கேமராவே போதும். ஆனால் அந்தச் சாயங்கள் ஆண்டுகள் போகப் போக மங்கின. அதனால்தான் 1940-களின் சில படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்க, அவற்றுக்குப் பத்தாண்டு பிந்தைய படங்களின் பிரதிகள் வெளிறியும் செந்நிறமாகியும் கிடைத்தன.

‘வெர்டிகோ’ இந்த இரண்டாம் வகை. அதோடு, இதுவும் ‘ரியர் விண்டோ’, ‘ரோப்’ (மேலே சொன்ன ‘தி ரோப்’ அல்ல, வேறு படம்) ஆகியவையும் உள்ளிட்ட ஐந்து படங்களின் உரிமை ஹிட்ச்காக்கிடம் இருந்ததால், அவை நீண்ட காலம் யாருக்கும் பார்க்கக் கிடைக்காமல் இருந்து, 1980-இல் அவர் இறந்த சில ஆண்டுகளுக்குப் பிறகே திரும்ப வெளிவந்தன. ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் கட்ஸும் 1996-இல் ‘வெர்டிகோ’வின் மீட்டெடுப்பை முடித்தார்கள். நெகட்டிவ் மங்கியிருந்தது. காப்புக்காக 1958-இல் எடுத்து வைத்திருந்த மூன்று தனிநிறக் கறுப்பு வெள்ளைச் சுருள்களும், ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கிப்போனதால், பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. கிடைத்ததையெல்லாம் கொண்டு காட்சி காட்சியாக நிறத்தைக் கட்டி எழுப்பினார்கள். இன்று நாம் டிஸ்க்கில் காணும் பச்சைக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

அவர்கள் செய்த ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடிந்ததில்லை. இசையின் மூலப்பதிவுகள் கிடைத்தன, ஆனால் சிறப்பொலிகளின் தனித்தடம் கிடைக்காததால், காலடிச் சத்தம், கார் சத்தம், துப்பாக்கிச் சத்தம் ஆகியவற்றைப் புதிதாகப் பதிவு செய்து ஸ்டீரியோவில் சேர்த்தார்கள். நிறத்தை மீட்டது பழையதைத் தேடிச் சென்ற வேலை, ஒலியில் செய்தது புதியதை வைத்த வேலை. ஸ்டூவர்ட் நோவாக்கைக் காரில் பின்தொடரும் நெடிய பகுதியில் பேச்சே கிடையாது. அங்கே தொண்ணூறுகளின் துல்லியத்தோடு விழும் ஒரு காலடிச் சத்தம் என்னை 1958-இலிருந்து பிடுங்கி வெளியே போடுகிறது. பின்னாளில் வந்த டிஸ்க் பதிப்புகளில் பழைய மோனோ தடத்தையும் சேர்த்துவிட்டார்கள். படம் தொடங்குமுன் மெனுவுக்குப் போய் அதைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். கொஞ்சம் குறுகிய, கொஞ்சம் மங்கிய ஒலிதான், ஆனால் ஹிட்ச்காக் கேட்டு ஒப்புக்கொண்ட ஒலி.

மிகையான சுத்தமும் ஒரு சேதம்தான். ‘ஸ்பார்டகஸ்’ (1960) 2010-இல் ப்ளூ-ரேயாக வந்தபோது, படச்சுருளில் உருவத்தையே ஆக்கும் இயல்பான நுண்துகள்களை மென்பொருளால் துடைத்திருந்தார்கள். துகளோடு சேர்ந்து தோலின் ரேகைகளும் துணியின் நெசவும் போய், முகங்கள் மெழுகாகிவிட்டன. ரசிகர்களும், 1991-இல் அந்தப் படத்தை மீட்டெடுத்த ஹாரிஸும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். 2015-இல் சரியான மீட்டெடுப்போடு புதிய டிஸ்க் வந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் சொல்லாமலே விளங்கும்.

திரும்பப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டது என்று நான் கருதும் படம் ‘ரியர் விண்டோ’ (1954). பாராமவுண்ட் ஸ்டுடியோவின் தளத்தையே தோண்டி, நடுமுற்றமும் அதைச் சுற்றி 31 குடியிருப்புகளுமாக ஒரு செட் போட்டார்கள். கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் புகைப்படக்காரரின் கண்ணோடுதான் கேமரா பெரும்பாலும் இருக்கிறது. முதல் முறை பார்க்கும்போது எதிர்வீட்டுக்காரன் மனைவியைக் கொன்றானா என்ற கேள்வியே நம்மை இழுத்துச் செல்லும். இரண்டாம் முறை, புகைப்படக்காரர் உறங்கும் வேளையில் எதிர்வீட்டுக்காரன் ஒரு பெண்ணோடு வெளியேறுவது கண்ணில் படுகிறது. நாயகன் பார்க்காத ஒன்றை ஹிட்ச்காக் நமக்கு மட்டும் காட்டி, அவருடைய முடிவை நாம் சந்தேகிக்க இடம் வைத்திருக்கிறார். இன்னொரு முறை, பக்கத்து மாடியில் இருக்கும் இசையமைப்பாளரின் பியானோவை மட்டும் கேட்டுக்கொண்டே போகலாம். தடுமாறும் சில சுரங்களாகத் தொடங்கும் மெட்டு, படம் முழுக்கத் துண்டு துண்டாக வளர்ந்து, உயிரை மாய்த்துக்கொள்ள இருந்த கீழ்வீட்டுப் பெண்ணைக் கடைசியில் தடுத்து நிறுத்துகிறது. பிரதான கதைக்கு அப்பால் ஒரு பாட்டு எழுதப்படுவதன் கதையும் அங்கே முழுமையாக நடந்து முடிகிறது.

டிஸ்க்குகளோடு வரும் கூடுதல் பகுதிகளில் பெரும்பாலானவை விளம்பரத்துக்கு மேல் எழுவதில்லை. ஒன்று மட்டும் படத்துக்கு நிகரானது. நடிகர் சார்ல்ஸ் லாட்டன் இயக்கிய ஒரே படம் ‘தி நைட் ஆஃப் தி ஹன்டர்’ (1955). விரல்களில் அன்பு என்றும் வெறுப்பு என்றும் பச்சை குத்திய போலிப் போதகராக ராபர்ட் மிட்சம், திருடிய பணத்துக்காக இரண்டு குழந்தைகளை ஆற்றோரமாகத் துரத்துகிறார். ஸ்டான்லி கார்ட்டெஸின் ஒளிப்பதிவில் படுக்கையறையின் கூரை தேவாலயக் கோபுரம்போல் குவிகிறது. ஆற்றடியில் காரோடு மூழ்கிக் கிடக்கும் தாயின் கூந்தல், நீர்த்தாவரங்களோடு சேர்ந்து அசைகிறது. குழந்தைகள் ஒளிந்திருக்கும் வைக்கோல் பரணிலிருந்து, தொடுவானத்தில் போதகர் குதிரையில் போவது தெரிகிறதே, அது ஸ்டுடியோவுக்குள் எடுத்தது. தொலைவைக் காட்டுவதற்காக ஒரு குள்ள மனிதரை மட்டக்குதிரையில் ஏற்றி அனுப்பினார்கள். இது தெரிந்த பிறகும் அந்தக் காட்சி பயமுறுத்துகிறது, ஏனென்றால் அது குழந்தைகளின் கனவில் வரும் தொலைவு.

படம் வெளியானபோது ஓடவில்லை. லாட்டன் மறுபடி இயக்கவே இல்லை. ஆனால் படப்பிடிப்பின்போது எடுத்த, படத்தில் சேராத சுருள்களை அவர் வைத்திருந்தார். அவர் மறைந்த பின் மனைவி எல்சா லாஞ்செஸ்டர் அவற்றை ஒப்படைக்க, யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் திரைப்படக் காப்பகத்தில் ராபர்ட் கிட் பல ஆண்டுகள் உழைத்து வரிசைப்படுத்தினார். 2002-இல் இரண்டரை மணி நேரத்துக்கு மேலான தொகுப்பாக அது முதலில் திரையிடப்பட்டது; 2010-இல் கிரைட்டீரியனின் டிஸ்க்கில் படத்தோடு சேர்ந்து வந்தது. லாட்டன் ஒவ்வொரு டேக்குக்கும் கேமராவை நிறுத்தாமல், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நடிகரிடம் பேசி, அதே வரியை மறுபடி சொல்ல வைக்கிறார். தாயாக நடித்த ஷெல்லி வின்டர்ஸ் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சட்டகத்துக்கு வெளியிலிருந்து வரும் அந்தக் குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடமிருந்து மிகையைக் குறைத்து வாங்குகிறது. குழந்தைகளை லாட்டனுக்குப் பிடிக்காது, அவர்களை இயக்கியதே மிட்சம்தான் என்று பல புத்தகங்களில் எழுதிவைத்திருந்தார்கள். சிறுவன் பில்லி சாப்பினிடமும் சிறுமியிடமும் லாட்டன் பொறுமையாக ஒவ்வொரு பார்வையையும் அசைவையும் சொல்லிக்கொடுப்பதை இந்தச் சுருள்களில் நாமே கேட்கிறோம். அந்தப் பழிப்பேச்சு அத்தோடு அடிபட்டுப் போகிறது. இயக்கம் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

மீட்க முடியாமல் போனதையும் டிஸ்க்கில் நேர்மையாகக் காட்ட முடியும் என்பதற்கு ஜார்ஜ் கியூக்கரின் ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ (1954) இருக்கிறது. முதல் திரையிடலில் 181 நிமிடம் ஓடிய படம் அது. ஒரு நாளைக்குக் கூடுதல் காட்சிகள் போட வேண்டும் என்பதற்காக, கியூக்கரைக் கலந்துகொள்ளாமலே ஏறக்குறைய அரை மணி நேரத்தை வெட்டினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தின் திரைப்படப் பிரிவில் இருந்த ரொனால்ட் ஹேவர், வார்னர் கிடங்குகளில் தேடி முழு ஒலித்தடத்தையும், வெட்டப்பட்ட பாடல்களையும், சில காட்சித் துண்டுகளையும் கண்டெடுத்து 1983-இல் 176 நிமிடப் படமாகச் சேர்த்தார். (மறு ஆண்டு கிரைட்டீரியனின் ‘கிங் காங்’ லேசர்டிஸ்க்குக்கு வரலாற்றின் முதல் விளக்க உரையைப் பேசியவரும் இவரேதான்.) காட்சி கிடைக்காத இடங்களில் படப்பிடிப்புப் புகைப்படங்களை வைத்தார். வண்ணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று அசையாப் படங்களாகிவிட, ஜூடி கார்லண்டின் குரலும் ஜேம்ஸ் மேசனின் குரலும் மட்டும் தொடர்கின்றன.

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் போதும். தாண்ட வேண்டாம் என்பேன். புகழ்பெற்ற நடிகராக வரும் மேசன், பாட்டுக்குழுவில் பாடும் கார்லண்டுக்குச் சினிமா வாய்ப்பு வாங்கித் தருவதாக வாக்களித்த மறுநாளே படப்பிடிப்புக்காக வெளியூர் கொண்டுபோகப்பட்டு, அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் தேடுவதும், பாட்டுக்குழுவை விட்டுவிட்டு வந்த அவள், அவர் மறந்துவிட்டார் என்று எண்ணிக் கிடைத்த வேலையைச் செய்து வாடகை அறையில் நாட்களை ஓட்டுவதும் அங்கேதான் இருக்கின்றன. வெட்டப்பட்ட வடிவத்தில் அவள் கேட்டாள், கிடைத்தது என்பதுபோல் ஸ்டுடியோவுக்குள் நுழைந்துவிடுகிறாள். புகைப்படங்களோடு பார்க்கும்போது, அவர் தன்னைத் தேடி வந்தார் என்பதற்காக அவள் பட்டிருக்கும் கடன் தெரிகிறது. அவர் குடியால் சரியும்போதெல்லாம் அவள் விட்டுப் போகாததற்குக் காரணம் அந்த நாட்களில்தான் இருக்கிறது. படத்தின் இரண்டாம் பாதி முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.